பத்தாம் வகுப்புக்குப் பின் வரும் சில வாரங்கள்

தமிழகத்தின் கிராமப்புற மாணவர் எந்தத் தொழிலுக்குச் செல்வார் என்பது பிளஸ் டூ மதிப்பெண் வெளியாகும் நாளில் முடிவாவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பில் சேரும் அந்தச் சில வாரங்களில், 'எந்தக் குரூப்' என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடையிலேயே அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுவதே பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃப் என்பதால், கலைப்பிரிவில் சேர்ந்துவிட்ட மாணவி பின்னர் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தரவரிசைக்குள் நுழைய முடியாது. அவர் அப்பிரிவில் சேர்ந்ததற்கு, பேருந்து செல்லும் பள்ளியில் வேறு பிரிவு இல்லை என்பதைத் தவிரக் காரணம் ஏதும் இல்லாமலும் இருக்கலாம்.

இதே வாரங்களில்தான் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலும் திறந்திருக்கிறது. ஆனால் தேர்வில் தோற்றவர்களுக்கான புகலிடம் என்ற தவறான எண்ணம் அதன்மீது படிந்துள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பின் பிட்டர், எலெக்ட்ரீசியன் போன்ற ஈராண்டுப் பயிற்சியை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்குப் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ வழியே செல்பவருக்குப் பட்டம் பெற ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்றால், இவ்வழியே செல்பவருக்கு ஏழு. அந்த ஓர் ஆண்டு வேறுபாட்டுக்கு ஈடாக, இடையில் படிப்பு நின்றுபோனாலும் சோறு போடும் கைத்தொழில் ஒன்று அவரிடம் இருக்கும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, ஆலையில் உதவித்தொகையுடன் வேலை பழகும் வாய்ப்பும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு உண்டு. குடும்ப வருமானம் மழையை நம்பியிருக்கும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

அரசு உதவிகள் குறைவாக இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் சட்டமானது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் உயர்கல்வி பயில்வோருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன, ஐ.டி.ஐ. மாணவர்களும் அதில் அடங்குவர். ஆயினும், ஒதுக்கீட்டின் அடிப்படை விதி 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதாகும். இதை அறியாமல், நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், பிள்ளைக்குரிய இடத்தைத் தாமே கைவிடுகின்றனர். வருந்தத்தக்க இந்த இழப்பை ஒரு மணி நேர உரையாடல் தடுத்திருக்கும்.

2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின்கீழ் பிளஸ் டூ முடித்தோருக்காக நடத்தப்படும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி பயனுள்ளதே. ஆனால் அதற்குள் பாதி வாயில்கள் சாத்தப்பட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே, பெற்றோர் உறுப்பினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில், எந்தப் பிரிவு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதையும், சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் எப்போது பெற வேண்டும் என்பதையும் எடுத்துரைக்க, புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை.