குளுக்கோமா அறுவைச் சிகிச்சையில் தையல்: எது தளர வேண்டும், எது இறுக வேண்டும்?

அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் காலை கண் கட்டைப் பிரிக்கும்போது, உடனிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "கண்புரைக்குத் தையல் இல்லாமலே செய்கிறார்களே, இதற்கு மட்டும் ஏன் தையல்?" என்பது ஒன்று. "இன்னொருவருக்குப் பசை வைத்து ஒட்டினார்களாம், எங்களுக்கு ஏன் தையல் போட்டீர்கள்?" என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். விடை தெரிந்தால் வீட்டில் கண்ணைப் பேணுவதும் எளிதாகும்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி தடைபட்டால் கண்ணின் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு நலிகிறது. சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது, 'டிராபெகுலெக்டமி' என்னும் அறுவைச் சிகிச்சையால் நீர் வெளியேறப் புதிய வழி அமைக்கிறோம். இழந்த பார்வையை இது மீட்டுத் தராது; எஞ்சிய பார்வையைக் காப்பதே இதன் நோக்கம்.

மற்ற அறுவைகளில் காயத்தை முழுவதும் மூடுவதே வெற்றி. இங்கு அப்படியன்று. காயம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. உள் அடுக்கு அளவாகக் கசிய வேண்டும். வெளி அடுக்கு துளியும் கசியக் கூடாது.

உள் அடுக்கு என்பது கண்ணின் வெள்ளைச் சுவரில் பாதித் தடிமனுக்குச் சீவி எடுத்த சிறு மடல். அதன் அடியில்தான் புதிய வழி உள்ளது. பழைய முறைகளில் இத்தகைய மடல் இல்லாததால் நீர் அளவுமீறி வடிந்து கண் தளர்ந்துவிடுவதுண்டு. மடலைக் காவலாக வைக்கும் முறையை இங்கிலாந்து மருத்துவர் கேர்ன்ஸ் 1968இல் விளக்கி எழுதினார். இம்மடலைத் தலைமுடியினும் மெல்லிய நைலான் நூலால் தைக்கிறோம். தையல் தளர்ந்தால் அழுத்தம் மிகக் குறையும். இறுகினால் அழுத்தம் குறையாது. ஆகவே தொடக்கத்தில் சற்று இறுக்கமாகவே தைத்து, பின்வரும் வாரங்களில் தேவைக்கேற்பத் தளர்த்துகிறோம். சில தையல்களை லேசர் ஒளியால் துண்டிக்கலாம்; சிலவற்றை, சொட்டு மருந்தால் மரக்கச் செய்து, வெளிநோயாளர் பிரிவிலேயே உருவி எடுக்கலாம். முதல் மாதத்தில் உங்களை அடிக்கடி வரச் சொல்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வெளி அடுக்கு என்பது வெள்ளைவிழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு. வடிந்த நீர் இதன் அடியில் சிறு கொப்புளமாகத் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படுகிறது. இச்சவ்வைக் கருவிழியின் ஓரத்திலேயே திறக்கலாம். அல்லது சற்று மேலே, இமையின் மறைவில் திறக்கலாம். ஓரத்தில் திறந்தால் அறுவை செய்யும் இடம் நன்கு தெரியும். கொப்புளமும் பரவலாக அமையும். ஆனால் முதல் சில நாட்களில் ஓரத்தில் கசிவு தோன்றக்கூடும். மேலே திறந்தால் தையல் கருவிழியைவிட்டுத் தள்ளி இருக்கும். ஆனால் அங்கே உருவாகும் தழும்பு கொப்புளத்தைக் குறுக்கிவிடலாம். அழுத்தத்தைக் குறைப்பதில் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மூடும் பொருளிலும் தெரிவுகள் உண்டு. நைலான் நூல் திசுவை அதிகம் உறுத்தாது, ஆனால் கரையாது, முனை வெளியே நீட்டினால் அகற்ற வேண்டும். கரையும் நூலை அகற்ற வேண்டியதில்லை. எனினும் கரையும் வரை சிவப்பும் உறுத்தலும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஃபைப்ரின் பசை மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து தயாராவது. விரைவில் ஒட்டும், உறுத்தாது. ஆனால் விலை அதிகம். நீர் இடைவிடாது தள்ளும் ஓரத்தில் பசையை மட்டும் நம்புவது எல்லாக் கண்களுக்கும் பொருந்தாது. சவ்வு மெலிந்தவர்கள், முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், தழும்பைத் தடுக்க 'மைட்டோமைசின்' மருந்து வைக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குக் காயம் ஆறத் தாமதமாகலாம். அவர்களுக்குத் தையலின் உறுதியையே பெரிதும் நாடுகிறோம். ஆகவே ஒருவருக்குப் பசையும் மற்றொருவருக்குத் தையலும் என்பது சலுகையோ குறைபாடோ அன்று. அந்தந்தக் கண்ணின் தேவை.

அறுவைக்குப் பின் ஆரஞ்சு நிறச் சாயம் தொட்டு, நீல ஒளியில் கண்ணைப் பார்க்கிறோம். கசிவு இருந்தால் அவ்விடத்தில் சாயம் பச்சை நிற ஓடையாக வழியும். சிறு கசிவுகள் பல, மருந்தை மாற்றுவதாலும் பாதுகாப்பு லென்ஸ் வைப்பதாலும் ஆறிவிடும். ஆறாதவற்றுக்கு மீண்டும் தையல் தேவைப்படும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. கண்ணைக் கசக்காதீர்கள்; அழுத்தாதீர்கள். உறங்கும்போது கண் மூடியை அணியுங்கள். நாங்கள் சொல்லும் வரை தலைக்குக் குளிப்பதையும், குனிந்து பளு தூக்குவதையும் தவிர்த்திடுங்கள். சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். குப்பியின் முனை கண்ணில் படாமல் விடுங்கள்.

திடீரென வெந்நீர் போல நீர் வழிந்தாலோ, பார்வை மங்கினாலோ, வலியும் சிவப்பும் கூடினாலோ, பீளை கட்டினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே வாருங்கள். இது முதல் மாதத்திற்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று. கொப்புளத்தின் வழியே கிருமி நுழையும் வாய்ப்பு, அறுவை செய்து பல ஆண்டுகள் ஆன பின்னும் உண்டு. அந்தக் கண் சிவந்தால், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்; இக்கண்ணில் முன்பு அறுவை நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.