கொல்லிமலையில் ஒரு வர்த்தகரின் பெயர்

ஆடிப் பதினெட்டையொட்டி ஆண்டுதோறும் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு சர்க்கார் விழா எடுக்கிறார்கள். செம்மேட்டில் நிற்கும் அவனது சிலைக்கு மாலை சாத்தி, கடையெழு வள்ளல்களில் ஒருவனென்று பலரும் புகழ்கிறார்கள். பாணருக்கு யானை கொடுத்த வள்ளலைக் கொண்டாடுவது தமிழருக்குத் தகும். ஆனால் நம் காலத்து வர்த்தகர் ஒருவரின் பெயரும் அதே மலையில் விளங்குவதை நம் வாசகரில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உணவுப் பாதுகாப்புப் பணிக்கென அங்கு அமைத்த நிலையத்திற்குக் காலஞ்சென்ற டாக்டர் பி.வி. ராவின் பெயரைச் சூட்டினார்கள். அவர் மன்னருமல்லர், தமிழருமல்லர். கோழிக்குஞ்சு விற்றுப் பொருளீட்டியவர். இம்மரியாதை அவருக்கு எதனால் உரியதென்பதை ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

1935-இல் பிறந்த ஸ்ரீ ராவ் 1971-இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் கம்பெனியை ஸ்தாபித்தார். அந்நியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து உயர்ந்த கோழியினங்களை இந்நாட்டிலேயே விருத்தி செய்தார். பூனாவுக்கருகே உருளிகாஞ்சனில் கோழி வளர்ப்புக் கலையைப் போதிக்கும் கல்வி நிலையமொன்று அவர் பெயரால் நடக்கிறது. 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1996-இல் மறைந்தார். பெருந்தனவந்தர் பலருடைய வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நாம் போற்றுவது இதையன்று.

1981-ஆம் ஆண்டில் முட்டை விலை அடியோடு சரிந்தது. தீவனச் செலவுக்கும் கட்டாத விலைக்குப் பண்ணைக்காரர் முட்டையை விற்றனர். பண்ணைகள் பல மூடப்பட்டன. விலையைச் சொல்பவர் நகரத்து வியாபாரி; கேட்டுக்கொள்பவர் உற்பத்தி செய்தவர். மறுநாளே கெட்டுவிடுமோ என்று அஞ்சும் சரக்கைக் கையில் வைத்திருப்பவனுக்குப் பேரம் பேசும் திராணி ஏது? இந்நிலையில் ஸ்ரீ ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணைக்காரரைக் கூட்டிப் பேசினார். அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, இனாமும் வழங்கவில்லை, ஒன்றுசேருங்கள் என்றார். ‘என் முட்டை, என் விலை, என் வாழ்வு’ என்பதே அவர் எழுப்பிய கோஷம். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. அன்று முதல் விலையை அறிவிப்பது உற்பத்தியாளர் சபையாயிற்று. நாமக்கல் மண்டலத்தில் இன்று முட்டை என்ன விலை என்று தமிழ்நாடெங்கும் பத்திரிகையில் பார்க்கிறார்களே, அந்த வழக்கத்தின் மூலம் இதுதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் எடுத்துரைப்பதே வழக்காடும் முறை. பண்ணைகள் அழிந்தால் குஞ்சு வாங்குவோர் இரார். ஆகையால் அவர் செய்தது சுயநலமே என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. தன் வாடிக்கைக்காரன் வாழ்ந்தால்தான் தானும் வாழலாமென்று உணர்ந்த முதலாளிகள் நம் நாட்டில் மலிந்து கிடக்கிறார்களா என்ன? அறிவித்த விலையில் வியாபாரிகள் தள்ளுபடி கேட்பதும் உண்டு. அச்சபையால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. எனினும் விலையைப்பற்றி வாய் திறக்கும் உரிமை பண்ணைக்காரருக்குக் கிடைத்ததே, அது யானைக் கொடையினும் பெரிதென்பது நமது அபிப்பிராயம்.

இனி, எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேல் செல்வோம். அங்கே வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள்; பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்களுடைய பூர்விகப் பயிர்கள். சாமையில் மட்டும் மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல வகைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பின்னர் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கிழங்கு மலையேறிற்று, சாமைக்காடுகள் குறைந்தன. கையில் காசு கிடைக்குமென்பது ஒரு காரணம். சாமையை உரலில் இட்டு உமி போகக் குத்தும் வேலை பெண்களின் தோளை முறிப்பதாயிருந்தது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைப் பட்டணத்துப் பண்டிதர்கள் வெகுகாலம் கவனிக்கவில்லை.

சுவாமிநாதன் நிறுவனத்தார் கவனித்தார்கள். உலக உணவுப் பரிசு முதன்முதல் வழங்கப்பட்ட 1987-இல் அதைப் பெற்ற டாக்டர் சுவாமிநாதன் அப்பணத்தைக்கொண்டு 1988-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. உமி நீக்கும் யந்திரங்களும் மாவு அரைக்கும் யந்திரங்களும் மலைக் கிராமங்களுக்கு வந்தன. விதை வங்கிகள் ஏற்பட்டன. மகளிர் குழுக்கள் சிறுதானிய மாவு தயாரித்து விற்கத் தொடங்கினர். மலைவாழ் உழவர்கள் தங்களுக்கென்று கூட்டமைப்பொன்றும் அமைத்துக்கொண்டார்கள். இப்பணிகள் நடக்கும் இடத்தில் ஸ்ரீ ராவின் பெயர் இருப்பது மிகவும் பொருத்தமே.

ஆனால் பெயரை வைத்துவிட்டு அவர் செய்த காரியத்தை மறந்துவிடலாகாது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-லேயே சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் கண்டு தங்கள் சரக்கை அதன்மூலம் விற்கிறார்கள். முட்டைக்காரர்களுக்கு அடுத்த ஆண்டே சபை கிடைத்தது. இவ்விரு சாராரும் கொல்லிமலையின் அடிவாரத்து மனிதர்கள். மலைமேல் கிழங்கு பிடுங்குபவரோ ஆலையும் தரகரும் சொல்லும் விலைக்கே காத்திருக்கிறார். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டென்று கொண்டாடியது. சாமையின் கீர்த்தி பட்டணத்துக் கடைகளில் ஏறிற்று. கடையில் ஏறிய விலையில் எத்தனை பங்கு செம்மேட்டுக்குத் திரும்பியது என்று கேட்பது நியாயமல்லவா?

நாமக்கல், ராசிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் முட்டையாலும் ஜவ்வரிசியாலும் செல்வம் சேர்த்த கனவான்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்த ஓரி விழாவுக்கு நன்கொடைச் சீட்டு அவர்களிடம் வருமானால், பந்தலுக்குக் கொடுப்பதைக் கொடுக்கட்டும். கூடவே மலைவாசிகளின் கூட்டமைப்பு தானியத்தைச் சேமித்து வைத்துத் தக்க காலத்தில் விற்க ஒரு கிடங்கும், சாமைக்கும் தினைக்கும் அவர்களே விலை எழுதிவைக்கச் செம்மேட்டுச் சந்தையில் ஒரு பலகையும் அமைக்க என்ன செலவாகுமென்று கணக்கிட்டுப் பார்க்கவேண்டுமென அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.