கூலியில் ஒரு ரூபாய் பிடித்தார்கள்! சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன கடிதம்

1982-ம் ஆண்டு. டெல்லியில் எங்கு பார்த்தாலும் கட்டிட வேலை. நவம்பர் 19-ந் தேதி ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்க வேண்டும். அதற்குள் அரங்கங்கள் எழும்ப வேண்டும். மேம்பாலங்கள் வேண்டும். வீரர்கள் தங்குவதற்குத் தனியாக ஒரு கிராமமே வேண்டும்!

இவ்வளவையும் கட்டியவர்கள் யார்? ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா (இன்றைய ஒடிசா) ஆகிய மாநிலங்களில் இருந்து அழைத்து வரப்பட்ட ஏழைகள்.

அவர்களுக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 25 காசு.

கையில் கிடைத்தது?

8 ரூபாய் 25 காசுதான்!

மீதி ஒரு ரூபாயை "ஜமேதார்" எடுத்துக் கொண்டார். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வருகிறவர்தான் ஜமேதார். நம் ஊர் மேஸ்திரி மாதிரி. அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த கங்காணியும் இந்த இனம்தான். கான்ட்ராக்டர் கொடுக்கும் கூலி இவர் கை வழியாகத்தான் போகும். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கிறார்கள் என்றும் புகார் எழுந்தது.

ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். மாதம் 26 நாள் வேலை செய்தால் 26 ரூபாய். ஏறக்குறைய மூன்று நாள் கூலி!

கடிதமே வழக்கு ஆனது

மூன்று சமூக ஆராய்ச்சியாளர்கள் நேரில் விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதை ஆதாரமாக வைத்து, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. முறைப்படியான மனு அல்ல, வெறும் கடிதம். அதையே வழக்காக ஏற்றுக் கொண்டார்கள்.

"அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். கேட்க வேண்டியது அவரைத்தான்" என்று சர்க்கார் தரப்பில் வாதாடினார்கள். கோர்ட்டு ஒப்பவில்லை. வேலை யாருக்காக நடக்கிறதோ, அவர் கை கட்டி வேடிக்கை பார்க்க முடியாது என்று கூறிவிட்டது.

செப்டம்பர் 18-ந் தேதி நீதிபதிகள் பகவதியும் பகருல் இஸ்லாமும் தீர்ப்புக் கூறினார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பே; அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத் தடை செய்கிறது என்றார்கள். அடித்து வேலை வாங்கினால்தான் கட்டாயமா? பட்டினி கிடப்பவன் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான். அந்தப் பசியும் ஒரு பலாத்காரமே!

சட்டம் இருந்தது, விதி இல்லை!

ஒரிசாவில் இப்படி ஆள் பிடித்து வெளியூருக்கு அனுப்புவதைத் "தாதன்" முறை என்பார்கள். மாதா மாதம் கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லி அழைத்துப் போவார்கள். போன இடத்தில் அந்தப் பேச்சே இராது. வேலைக்கு நேரமும் கிடையாது. இந்தக் கொடுமையைத் தடுக்கவே 1979-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டு வந்தது.

உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ, அதே வேலைக்கு வெளி மாநில ஆளுக்கும் அதே கூலி. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு அரை மாதக் கூலி அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அது. அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. போக வர வண்டிச் சத்தம். பயணம் செய்த நாளுக்கும் கூலி! தங்க இடமும் இலவச வைத்தியமும் உண்டு. போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் தொழிலாளியிடமே இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினால், வேலை கொடுத்த முதலாளியே கொடுக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். 1980 அக்டோபர் 2-ந் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் டெல்லியில் அதற்கான விதிகள் வந்தது 1982 ஜூன் 4-ந் தேதி! போட்டிக்கு அப்போது ஆறு மாதம்கூட இல்லை.

இப்போது என்ன?

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டம், கான்ட்ராக்டர் அழைத்து வந்தவர்களுக்கு மட்டுமே. புதியதில், தாமாகவே வேலை தேடி வந்தவரும் சேர்ந்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வர முதலாளி மொத்தமாகப் பணம் கொடுக்க வேண்டும். ரேஷனைச் சொந்த ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வாங்க வழி செய்ய வேண்டும்.

கிளம்பும்போது கிடைத்த அந்த அரை மாதக் கூலி மட்டும் புதிய சட்டத்தில் இல்லை.