சொத்து ஆவணத்தில் ஒரு பெண்ணைத் தேடுவோம்

எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகையை நடத்தும்போது பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று டச்சுக்காரர்களின் ஊர்களைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர்களுள் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இதற்கு விடை தருபவை பெரும்பாலும் வாரிசுரிமை ஆவணங்களே.

காரணம் எளிது. டச்சு ஆவணங்களில் மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டாள். தனி ஒப்பந்தம் இல்லையெனில் கணவன், மனைவி சொத்து பொதுவானது. ஒருவர் இறந்தால் பங்கு பிரிக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் பங்கை ‘வேஸ்காமர்’ என்னும் அநாதைப் பிள்ளைகள் மன்றம் காத்தது. ஆகவே உயில், சொத்துப் பட்டியல், வழக்குக் கட்டு ஆகியவற்றை வரிசையாக வைத்தால் தாய், மகள், பேத்தி என்று கொடி விரியும்.

கொர்னேலியாவை எடுத்துக்கொள்வோம். 1629இல் ஜப்பானின் ஹிராடோவில் டச்சு வணிகருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். தந்தை 1633இல் இறந்தார். 1637இல் சிறுமி பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1652இல் பீட்டர் க்னோல் என்னும் வணிகரை மணந்தார். 1672இல் கணவர் இறந்தபின் பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. 1676இல் யோஹான் பிட்டர் என்ற வழக்கறிஞரை மறுமணம் செய்தார். மனைவியின் சொத்தை ஆளும் உரிமை அன்றைய சட்டப்படி கணவனுக்கே. தன் செல்வத்தைக் காக்க அவர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 1687இல் நெதர்லாந்துக்கே கப்பலேறினார். அந்த வழக்குதான் அவர் வாழ்வை நமக்குச் சொல்கிறது.

1665இல் யாக்கோப் கூமன் வரைந்த இவர் குடும்ப ஓவியத்தில், பின்னால் அடிமைப் பணியாளர்களும் நிற்கிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் பட்டாவியாவுக்கு அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். சொத்துப் பட்டியல்களில் மனிதர்களும் சொத்தாக எழுதப்பட்டார்கள் என்பதை மாணவருக்குச் சொல்லத் தவறக்கூடாது.

நம் மொழிக்கும் இதில் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை அது பிரிக்கிறது. சீதனம் பெண்ணுக்குரியது.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு. கற்பனையான உயில் ஒன்றை நீங்களே எழுதிக் குழுக்களுக்குக் கொடுங்கள். மூன்று கேள்விகள் போதும்: யார் யாருக்கு என்ன உறவு? எந்தப் பெண்ணின் பெயர் இல்லை? ஏன் இல்லை? மாணவரின் சொந்த வீட்டுப் பத்திரங்களைக் கேட்க வேண்டாம்; பங்குப் பிரச்சினையும் பெற்றோர் பிரிவும் சில வீடுகளில் ஆறாத புண்.

முடிவில், 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை விளக்குங்கள்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் மணமான மகள்களுக்கு அப்பங்கு அன்று கிடைக்கவில்லை. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமே அந்தத் தடையை நீக்கியது. தன் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டியது உரிமை என்று நம் மாணவி ஒருத்தி உணர்ந்தாலே பாடம் பயன் தந்துவிட்டது.