நம்ம பேரில் ஒரு சின்ன இணையதளம்

மதுரைத் திட்டம் என்ற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் தளம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. முன்னின்று தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் ஆராய்ச்சியாளர். தமிழுக்காக அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டினார்கள், வேறு சிலர் பிழை பார்த்தார்கள். இணையத்தில் தமிழ் வந்த கதையில் பெரும்பகுதி இப்படித்தான். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்தவர்கள் செய்த வேலை.

அந்தக் காலத்தில் நம்ம அப்பாக்களில் சிலரும் ஜியோசிட்டீஸில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். 1994-ல் தொடங்கிய இலவச சேவை அது. ஊர் மாதிரியே தெருக்களாகப் பிரித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவருக்கு சிலிக்கான் வேலி, படிப்பு, எழுத்து என்றால் ஏதென்ஸ். அதற்குள் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர். பக்கத்துக்குக் கீழே வந்தவர்களை எண்ணும் கவுண்டர், விருந்தினர் கையெழுத்துப் போட ஒரு புத்தகம், மண்வெட்டியோடு ஆடிக்கொண்டிருக்கும் ‘வேலை நடக்கிறது’ பொம்மை. பல தளங்களில் அந்த வேலை கடைசிவரை நடந்துகொண்டேதான் இருந்தது!

1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஆர்க்கிவ் டீம் என்ற ஒரு தன்னார்வக் கூட்டம் ராத்திரி பகலாக முடிந்தமட்டும் படியெடுத்து வைத்தது. மற்றது போனது போனதுதான். அதற்குப் பிறகும் கதை மாறவில்லை. ஆர்குட் 2014-ல் போனது. கூகுள் ப்ளஸ் 2019-ல். தமிழர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, கவிதை போட்டு, சமையல் சொல்லித் தந்த யாஹூ குழுமங்கள் 2020-ல். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2024-ல் ஒரு கணக்குப் போட்டது: 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டன.

இன்றைக்கு நம்ம குடும்பத்தின் தமிழ் எங்கே இருக்கிறது? வாட்சப் குரூப்பில். அம்மா அனுப்பிய ரசப்பொடி அளவு, பெரியப்பா குரலில் பதிவு செய்து அனுப்பிய குலதெய்வக் கதை எல்லாம் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூக்களுக்கு அடியில் கிடக்கிறது. போன் மாற்றும்போது பாதி போய்விடும். அதனால்தான் குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு சின்னத் தளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சம்பாதிக்க இல்லை, பிரபலமாக இல்லை. ஒரு தோட்டம் போடுகிற மாதிரி.

தோட்டம் என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். தமிழ் வலைப்பூக்களைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்க, நிறைய தளங்களில் கடைசிப் பதிவு ஒன்றே மாதிரி இருக்கும்: ‘வேலை அதிகம், மன்னிக்கவும், இனி அடிக்கடி எழுதுவேன்.’ தேதி 2011.

எங்க வீட்டில் இது ஒழுங்காக ஓடுவதற்குக் காரணம் என் மகள்தான். அவளுக்குப் பதினொரு வயது. என் அம்மா, அவளுக்கு ஆச்சி, பாளையங்கோட்டையில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வீடியோ காலில் ஆச்சியிடம் ஒரு சொல் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தச் சொல், அவள் வரைந்த படம், ஆச்சி அதைச் சொல்லும் பத்து செகண்ட் குரல், மூன்றும் ஒரு பக்கத்தில் ஏறும். முதல் வாரம் ‘முறம்’ என்று போட்டாள், தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆச்சி பார்த்துவிட்டு, “ஏட்டி, முறம்னு யாரு சொன்னா? நம்ம ஊர்ல அது சொளவு” என்றார். அன்றைக்கே பக்கத்தில் ஒரு வரி சேர்ந்தது: ‘திருத்தம், ஆச்சி சொன்னது.’ சுளகு என்பதுதான் பேச்சில் சொளவு ஆகிறது என்று நான் அகராதி பார்த்துச் சொன்னேன், அதுவும் ஒரு வரி. இப்போது ஆச்சிக்கு இது ஒரு வேலையாகிவிட்டது. எங்கே தப்பு கண்டுபிடிக்கலாம் என்று தளத்தைத் திறந்து பார்க்கிறார்.

முகப்புப் பக்கத்தை அவள் வித்தியாசமாகப் போட்டிருக்கிறாள். ஆச்சி சொல்லச் சொல்ல, ஊரில் இருந்த பழைய வீட்டின் வரைபடத்தைப் பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்துவிட்டாள். முன்னால் தார்சா, அதைத் தாண்டிப் பட்டாசல், பின்னால் அடுக்களை, புறவாசல். படத்தில் அடுக்களையைத் தொட்டால் அடுக்களைச் சொற்கள் வரும், தார்சாவைத் தொட்டால் தார்சாவில் உட்கார்ந்து பேசிய கதைகள். படத்தின் எந்தப் பகுதி எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று புள்ளி புள்ளியாக அளந்து எச்டிஎம்எல்லில் எழுத வேண்டும். 1990-களின் பழைய வித்தை, இன்றும் வேலை செய்கிறது. அந்த வீட்டை விற்று எட்டு வருஷம் ஆகிறது. வாங்கியவர்கள் இடித்துக் கட்டிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் என்ன செலவு? அதிகமில்லை. நியோசிட்டீஸ் என்று 2013-ல் வந்த சேவை, ஜியோசிட்டீஸை நினைத்து வைத்த பேர், இலவசமாக இடம் தருகிறது. கிட்ஹப் பேஜஸும் அப்படித்தான். சொந்தப் பேரில் டாட் காம் முகவரி வேண்டுமென்றால் வருஷத்துக்குச் சில காபி வாங்குகிற காசு. தமிழில் எழுதுவதென்றால் மூன்று விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்க. பக்கத்தின் தலையில் எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று ஒரு வரி இருக்க வேண்டும். மொழி தமிழ் என்று இன்னொரு வரி; பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். மூன்றாவது, கோப்புப் பேரை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்க. தமிழில் வைத்தால், முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வந்து நிற்கும்.

அழகுபடுத்துவதில் நேரம் போக்காதீங்க என்பது என் கட்சி. மாதம் ஒருமுறை நிறம் மாற்றுகிறவர்கள் எழுதுவதில்லை. டெரக் சிவர்ஸ் என்பவர் 2015-ல் பரப்பிய ஒரு நல்ல யோசனை இருக்கிறது: தளத்தில் ‘இப்போது’ என்று ஒரு பக்கம். இந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நாலு வரி, கீழே தேதி. குடும்பத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். எதுவும் எழுத வராத மாதத்தில்கூட அந்த நாலு வரியை மாற்றலாம். பழைய நாலு வரியை அழிக்காமல் கீழே தள்ளிக்கொண்டே போனால், இரண்டு வருஷத்தில் ஒரு டயரி கிடைக்கும்.

அப்பாவின் பழைய பக்கம் எங்காவது இருந்தால், அதை மீட்பதும் இந்தப் பொழுதுபோக்கில் சேர்ந்ததுதான். என் அப்பாவின் ஜியோசிட்டீஸ் முகவரி ஒரு பழைய டயரியில் கிடைத்தது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டதும் பக்கம் வந்தது. ஆனால் ஒரு எழுத்தும் புரியவில்லை. தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டும்.

காரணம் இதுதான். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்திருந்தது. மயிலை ஒரு மாதிரி, முரசு அஞ்சல் ஒரு மாதிரி, ஈழத்தமிழர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினி ஒரு மாதிரி. ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்துதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடியை மாட்டியது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்றுவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் திஸ்கி வந்தது, 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். கடைசியில் எல்லாரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம்.

நல்ல செய்தி என்னவென்றால், இது அழிவு இல்லை, பூட்டு. பொங்குதமிழ் மாதிரியான எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. கொம்பெழுத்துகளை நகலெடுத்து ஒட்டி, பழைய குறியீடு எது என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடில் வந்துவிடும். எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். எங்களுக்கு மூன்றாவது முயற்சியில், திஸ்கியில், திறந்தது. அப்பா எழுதியிருந்தது பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஊர்க் கோயில் கொடையில் கரகாட்டம் பார்த்தது, முதல் பனியில் வழுக்கி விழுந்தது, நான் பேச ஆரம்பித்தபோது தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து சொன்ன சொற்களின் பட்டியல். அவர் போய் நாலு வருஷமாகிறது. அந்தப் பட்டியலை என் மகள் பட்டாசலில் போட்டிருக்கிறாள். தாத்தாவும் தன்னை மாதிரியே சொல் சேர்த்திருக்கிறார் என்பதில் அவளுக்குப் பெருமை.

பிள்ளைகளை வைத்துத் தளம் நடத்தும்போது சில கட்டுப்பாடு வேண்டும். எங்க தளத்தில் முகம் தெரியும் படம் கிடையாது, பள்ளிப் பேர் கிடையாது, பிறந்த தேதி கிடையாது. வம்சாவளி மரம் போட ஆசை வரும். பாட்டியின் பிறந்த ஊரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரும் வங்கிகள் கேட்கும் ரகசியக் கேள்விகளின் பதில் என்பதை மறக்காதீங்க. உயிரோடு இருப்பவர்களை மரத்தில் சேர்க்காமல் இருப்பது நல்லது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம், ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்க. தேடுபொறிகளை வராதே என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு ஒன்று உண்டு. அது வாசலில் மாட்டிய போர்டு மட்டுமே, பூட்டு இல்லை. இன்னொன்று, பிள்ளை தன் குரலை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். பதினான்கு வயதில் கண்டிப்பாகச் சொல்வார்கள்.

சொந்த முகவரி வாங்கியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதுப்பிக்கும் நினைவூட்டல் ஒரே ஒருவரின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். அவர் இல்லாமல் போனாலோ, அந்த மின்னஞ்சலே மாறிப்போனாலோ, யாருக்கும் தெரியாமல் முகவரி காலாவதியாகும். டாட் காம் முகவரி நீக்கப்பட்டபின் மீட்க 30 நாள் தருகிறார்கள், அதற்குக் கட்டணமும் அதிகம். அதையும் தவறவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். குடும்பப் பேரில் சூதாட்ட விளம்பரம் ஓடுவது ஒன்றும் அபூர்வமில்லை. ஒரே தடவையில் பத்து வருஷம் வரை பதிவு செய்ய முடியும். எங்க தளத்தின் கணக்கு விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, டொராண்டோவில் இருக்கும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். மொத்தத் தளமும் அவன் கம்ப்யூட்டரில் ஒரு படி, ஒரு பென் டிரைவில் இன்னொரு படி. வருஷத்துக்கு இரண்டு தடவை வேபேக் மெஷினிடமும் ஒவ்வொரு பக்கத்தையும் சேமிக்கச் சொல்லிவிடுகிறோம், அந்த வேலை மகளுடையது. போன தடவை எண்ணிப் பார்த்தாள், அறுபத்து மூன்று சொற்கள். ஆச்சியிடம் சொன்னதற்கு, “அதுல ரெண்டு தப்பா இருக்கு, அடுத்த வாரம் சொல்லுதேன்” என்றார்.