மார்கழிக்குப் பிறகு தென்னங்குருத்தைப் பாருங்கள்



அடைமழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் விலகி, தை வெயில் அடிக்கத் தொடங்கியதும் நமக்கு அறுவடை ஞாபகம்தான் வரும். அதோடு தென்னந்தோப்புப் பக்கமும் ஒரு நடை போய், ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் மட்டைகள் பச்சையாக நிற்கும். குலையும் தொங்கும். நடுவில் ஈட்டிபோல் நிற்க வேண்டிய குருத்து மட்டும் வெளிறிச் சாய்ந்திருந்தால், அது குருத்தழுகல் நோயாக இருக்கலாம்.

“காய் இருக்குதே, மரத்துக்கு என்ன வந்துடப் போகுது?” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். குருத்து செத்த பிறகும் பழைய மட்டைகள் சில மாதம் பச்சை மாறாமல் நிற்கும். பிடித்த காயும் முற்றும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் அநேகம் பேர்.

வேப்பமரத்தில் ஒரு கிளை பட்டால் இன்னொரு கிளை துளிர்க்கும். தென்னைக்கு அப்படி இல்லை. அதற்கு இருப்பது ஒரே உயிர்முனை. உச்சியில், மட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. பனை, ஈச்சை எல்லாம் இந்தச் சாதிதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்து, வீட்டுத் தோட்டங்களில் இருந்த பனை வகை மரங்கள் ஏராளமாகக் கருகின. அங்கும் மட்டை கருகினாலும் குருத்து பிழைத்த மரங்கள் மறுபடி துளிர்த்தன. குருத்து செத்தவை போய்விட்டன.

நம் ஊரில் உறைபனி தென்னையைக் கொல்வதில்லை. ஆனால் மழைநீர் மட்டை இடுக்கில் தேங்கி, வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கி, காற்றிலும் ஈரம் நிறைந்திருந்தால், பைட்டோப்தோரா என்ற பூசணம் குருத்தின் அடியில் இறங்கிவிடும். இளமரங்களைத்தான் இது அதிகம் தாக்கும்.

எப்படிக் கண்டுகொள்வது? மரம் ஏறுபவரை விட்டு நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு வந்து, அடியில் அழுகி நாற்றம் அடித்தால் குருத்தழுகல்தான். துளையும், மென்று துப்பிய நாரும், விரிந்த ஓலையில் கத்தரித்தது போன்ற வெட்டும் இருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

அழுகல் என்று தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். கூர்மையான கத்தியால் அழுகிய பாகத்தை, வெள்ளையான நல்ல சதை தெரியும் வரை சுத்தமாகச் சீவி எடுங்கள். அந்த இடத்தில் போர்டோ பசையைத் தடவ வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரையுங்கள். மண் சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளிதான் ஏற்றது, இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே உபயோகியுங்கள். துத்தம் விஷம்; பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பசை தடவியபின் மழையும் பனியும் இறங்காதபடி வாயகன்ற மண்பானையைக் கவிழ்த்து வையுங்கள். புதுக்குருத்து வரும்வரை அது இருக்கட்டும். சுற்றியுள்ள மரங்களின் கொண்டையில் 1 சத போர்டோ கலவை தெளியுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ; கலக்கும் முறை அதேதான்.

அப்புறம் பொறுமை வேண்டும். நன்றாக இருக்கும் தென்னையே மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டைதான் விடும். பிழைத்த மரத்தில் முதலில் வரும் ஓலை குட்டையாக, கசங்கினாற்போல் இருக்கும். “இது உருப்படாது” என்று கோடரியைத் தூக்காதீர்கள். அடுத்தடுத்து வருகிற ஓலை சீராகிவிடும். ஆகவே பச்சை மட்டைகளையும் வெட்டாமல் விடுங்கள். மரத்துக்குச் சோறு அதில்தான்.

சீவச் சீவ அடிவரை கூழாகவே வந்து, வெள்ளைச் சதையே தட்டுப்படாவிட்டால் அந்த மரம் தேறாது. பத்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், மனசு கேட்காதுதான். ஆனாலும் அதை வெட்டி, கொண்டையைத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். நோய் அடுத்த மரத்துக்குப் போகாமல் இருக்க அதுதான் வழி.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே கொண்டையைச் சுத்தம் செய்து, ஒருமுறை போர்டோ கலவை தெளித்துவிட்டால் இந்தக் கவலையே பெரும்பாலும் வராது. இன்று சாயங்காலமே தோப்புக்குப் போய், குருத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.