நிற்கிற காரில்தான் பேட்டரி சாகிறது

செல்ஃப் எடுக்காத காரின் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பேட்டரி போட்டிருக்கீங்க?" நாலாயிரம் ரூபாய்ச் சரக்கு என்று தெரிந்துவிட்டால் விசாரணை அதோடு முடிந்தது. மலிவு பேட்டரி, இத்தனை நாள் உழைத்ததே பெரிது என்று தீர்ப்பு வந்துவிடும். "வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், பல வழக்குகளில் குற்றவாளி வேறு என்று தெரியும். சிறிய கார்களில் போடும் 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, நாள்தோறும் ஓடுகிற வண்டியில் மூன்று, நான்கு ஆண்டுகள் உழைக்கக்கூடியது. அதே பேட்டரி, ஞாயிற்றுக்கிழமைக்கும் முகூர்த்த நாளுக்கும் மட்டும் வெளியே வருகிற காரில் இரண்டு கோடையைத் தாண்டத் திணறுகிறது. விலையும் ஒன்று, தயாரிப்பும் ஒன்று, ஆயுள் மட்டும் இரண்டு. காரணத்தைக் கடையில் தேடிப் பயனில்லை. கார் நிற்கிற இடத்தில் தேட வேண்டும்.

மலிவு பேட்டரிக்கும் விலை கூடியதற்கும் வித்தியாசமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஈயத் தகடுகளின் கனம், அவற்றைத் தாங்கும் சட்டத்தின் உலோகக் கலவை, விலையைக் குறைக்க வேண்டுமென்றால் இவற்றில்தான் கை வைப்பார்கள். கடைக்காரர் இந்த வித்தியாசத்தை வாரண்டி மொழியில் சொல்வார்: இது 18 + 18, அது 24 + 24. முதல் எண், பழுதானால் இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள். இரண்டாவது எண், கழிந்த காலத்தைக் கணக்கிட்டு விலையில் தள்ளுபடி மட்டும் தரும் மாதங்கள். 36 மாத வாரண்டி என்று நம்பி வாங்கியவர் 20ஆவது மாதம் கடைக்குப் போனால் கையில் காசும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், இந்த எண்கள் தயாரிப்புக் குறைக்கான உறுதிமொழிதானே தவிர, ஆயுள் ஜாதகம் அல்ல. சார்ஜ் இறங்கிக் கிடந்த பேட்டரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு நாள் வைத்திருந்து சார்ஜ் ஏற்றி, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வண்டியை ஓட்டுங்க" என்று திருப்பித் தருவார்கள். அந்தப் பதிலில் எரிச்சல் வரலாம். ஆனால் மெக்கானிக்குகள் சொல்லும் யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக உறங்குவதில்லை. கடிகாரம், ரிமோட் பூட்டு, திருட்டுத் தடுப்பு அலாரம், என்ஜின் கணினியின் நினைவகம் என்று ஏதாவதொன்று மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் இந்தக் கசிவு 20 முதல் 50 மில்லி ஆம்பியர். நடுவே 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. முப்பது நாள் வண்டியை எடுக்காவிட்டால் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35தான். வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, டேஷ் கேமரா, இருப்பிடம் காட்டும் டிராக்கர் ஆகியவை சேர்ந்து இன்னொரு 30 மில்லி ஆம்பியர் எடுத்தால், ஒரு மாதத்தில் தீர வேண்டியது பதினைந்து நாளில் தீரும். பெரிய காரில் 65 ஏ.எச். பேட்டரி இருக்கும், அது தாக்குப்பிடிக்கும். சிறிய காரில் கொள்ளளவும் சிறியது, வாரக்கணக்கில் நிற்பதும் பெரும்பாலும் அதுவே. அலுவலகத்துக்கு இருசக்கர வண்டி, ஊருக்கு ரயில், காருக்கு மாதத் தவணை என்று வாழும் குடும்பங்களில், தார்ப்பாய் போர்த்திய கார் தெருவோரத்தில் மாதக்கணக்காக அப்படியே நிற்கிறது. அந்தத் தார்ப்பாய்க்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

சார்ஜ் தீர்ந்தால் ஏற்றிக்கொள்ளலாமே, இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். செல்போன் பேட்டரியை மனத்தில் வைத்துக் கேட்கும் கேள்வி இது. ஈய-அமில பேட்டரியின் குணம் வேறு. அது 1859இல் பிரான்ஸில் பிறந்த நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்த நுண்ணிய படிகங்கள் மறுபடி கரைந்துபோகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் வளர்ந்து இறுகிவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு வீண். ஒவ்வொரு முறை வண்டி நீண்ட நாள் நிற்கும்போதும் பேட்டரியின் பாத்திரமே கொஞ்சம் சிறுத்துவிடுகிறது என்று சொல்லலாம். 2020 மார்ச் கடைசி வாரத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இது பெரிய அளவில் தெரியவந்தது. வீட்டு வாசலில் பத்திரமாக நின்ற கார்கள், கட்டுப்பாடு தளர்ந்த நாளில் முனகக்கூட இல்லை. யாரும் அவற்றை ஓட்டித் தேய்க்கவில்லை. ஓட்டாததாலேயே அவை கெட்டன.

வெயில்தான் முழுக் காரணம் என்று சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பேட்டரி பராமரிப்பு பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பல குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரியின் பலம் பாதிக்கு இறங்குவதால், அங்கே பனிக்காலத்தைப் பற்றித்தான் பேச்சு. நம் ஊரில் கத்திரி வெயிலில் வேலூரும் திருத்தணியும் 40 டிகிரியைத் தாண்டும். பானட்டுக்குள் அதைவிட மிக அதிகம். பேட்டரியின் ஆயுளை 25 டிகிரியில்தான் கணக்கிடுவார்கள். சராசரி வெப்பம் அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இந்தத் துறையின் பழைய வாய்ப்பாடு. தகட்டுச் சட்டம் அரிக்கும், நீர் வற்றும். ஆனால் வெயில் எல்லாக் கார்களுக்கும் பொது. ஓடுகிற காருக்கு மாலையில் சார்ஜாவது முழுதாகக் கிடைக்கிறது. நிற்கிற காரில் வெப்பம் இன்னொரு வேலையும் செய்கிறது: எதிலும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும் வேகத்தை அது கூட்டிவிடுகிறது. கசிவும் வெயிலும் கைகோத்தால், சித்திரையில் போர்த்திய தார்ப்பாயை ஆடியில் எடுக்கும்போது உள்ளே இருப்பது பேட்டரி அல்ல, பத்துக் கிலோ பாரம்.

இதைத் தடுக்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முதல் வீட்டுப் பெரியவர் வரை எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: காலையில் ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணை. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், கணக்குத்தான் இடிக்கிறது. ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரை இரண்டு நொடி இழுத்தால் செலவு 0.08 ஆம்பியர்-மணிதான். மேலே சொன்ன கசிவு ஒரு வாரத்தில் 5 ஆம்பியர்-மணி. அதாவது ஒரு வாரம் சும்மா நிற்பது அறுபது முறை ஸ்டார்ட் செய்வதற்குச் சமம். பேட்டரிக்குப் பெரிய செலவு ஸ்டார்ட் செய்வது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரிய செலவு நிற்பதுதான். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமினால், ஆல்டர்னேட்டர் அந்த மெதுவான சுழற்சியில் தருவது குறைவு, அதிலும் ஏ.சி.யும் மின்விசிறியும் பங்கு கேட்கும். ஸ்டார்ட் செய்த செலவு திரும்பும், வாரக் கசிவு திரும்பாது. வாரம் ஒரு முறையாவது அரை மணி முதல் முக்கால் மணி நேரம், முடிந்தால் பகலில், சாலையில் ஓட்ட வேண்டும். அதுவும் முழு மருந்தல்ல. இந்த வகை பேட்டரி முதல் 80 சதவீதத்தை வேகமாக ஏற்றுக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் எடுக்கும். குட்டிக் குட்டிப் பயணங்கள் மட்டும் செய்யும் கார் ஒருநாளும் வயிறு நிரம்பச் சாப்பிடுவதில்லை.

அப்படியானால் வாரம் ஒரு முறைகூட எடுக்க முடியாதவர் என்ன செய்வது? வெளியூர் போகும்போது மூன்று வாரத்துக்கு மேல் கார் நிற்கும் என்று தெரிந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். ஒரு ஸ்பேனர் போதும். முதலில் கழற்றுவதும் கடைசியில் மாட்டுவதும் நெகட்டிவ்தான். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்கும். கடிகாரம் அழியும், ஸ்டீரியோ சில வண்டிகளில் ரகசிய எண் கேட்கும், ரிமோட்டில் கதவு திறக்காது, சாவியால் திறந்துகொள்ளலாம். ஊரிலேயே இருந்துகொண்டு ஓட்டாமல் வைத்திருப்பவர்கள், தானாக அளவறிந்து நிறுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜர் ஒன்றை வாங்கி, மாதம் ஒரு ராத்திரி போட்டுவிடலாம். நிலவரம் தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால்தான். ஸ்டார்ட் செய்த பிறகு 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புது பேட்டரி போட்டும் அதே கதை தொடர்கிற வீடுகளில் பலமுறை குறை அங்கேதான் இருக்கும்.

'பராமரிப்பு தேவைப்படாதது' என்று பெட்டி மேல் அச்சடித்ததைப் படித்துவிட்டு, பானட்டையே திறக்காமல் இருப்போர் உண்டு. அந்த வாசகத்துக்குப் பொருள் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பது மட்டுமே. மூடி உள்ள மலிவு ரகங்களில் அதுவும் தேவை. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே அமிலம் இருக்கிறதா என்று கோடையில் மாதம் ஒரு முறை பார்த்து, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விட வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் உப்பைக் கொண்டு வரும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த உப்பை, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவினால் போதும். பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்திருந்தால், வேகத்தடைகளில் அது குலுங்கிக் குலுங்கித் தகட்டுத் துகள்கள் உதிரும். சார்ஜ் நிலையைக் காட்ட மேலே தெரியும் பச்சைக் கண்ணை முழுக்க நம்ப வேண்டாம். ஆறு அறைகளில் ஒன்றை மட்டும் பார்க்கும் கண் அது.

இவ்வளவு மெனக்கெடுவதைவிட விலை கூடிய பேட்டரி வாங்கிவிட்டால் பிரச்சினை தீராதா என்பது அடுத்த கேள்வி. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் கார்களுக்கு அதற்கென்றே செய்த பேட்டரிதான் போட வேண்டும். அங்கே மலிவைத் தேடுவது தவறு. சாதாரணச் சிறிய காருக்கு அப்படியல்ல. கனத்த தகடும் நல்ல கலவையும் அரிப்பைத் தள்ளிப்போடும்; இறுகிய சல்ஃபேட்டைக் கரைக்காது. நிற்கிற காரில் எட்டாயிரம் ரூபாய் பேட்டரியும் நாலாயிரம் ரூபாய் பேட்டரி செல்லும் பாதையிலேயே செல்லும், கொஞ்சம் மெதுவாக. கடையில் பார்க்க வேண்டியது விலையைவிடத் தயாரிப்புத் தேதி. அலமாரியில் ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் இருந்தது, உங்கள் வண்டிக்கு வருமுன்பே பாதி நோயாளி.

கடைசி எதிர்வாதம்தான் பதில் சொல்லச் சிரமமானது: நாலாயிரத்தை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 111 ரூபாய், இதற்கு ஏன் இத்தனை கவலை? பணக்கணக்கு சரிதான். ஆனால் செத்த பேட்டரி ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் ஈயம், மீதியில் கணிசமானது கந்தக அமிலம். பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்கள் என்பதால் அது எப்படியும் கைமாறும். யார் கைக்கு என்பதில்தான் சங்கடம். பழைய பேட்டரிகளைத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2001இலேயே விதி வந்தது. 2022இல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. இருந்தும் காயலான் கடை வழியே போகும் பேட்டரியின் அமிலம் சாக்கடைக்கும், ஈயம் திறந்தவெளி உலைக்கும் போகிற வழி அடைபடவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஓட்டாமலே ஓராண்டு முன்னதாகக் கொன்ற பேட்டரி ஒவ்வொன்றும், அந்த உலைக்குத் தேவையில்லாமல் அனுப்பிய சுமையாகிவிடக்கூடும். 111 ரூபாய்க் கணக்கில் இந்தச் செலவு சேரவில்லை.

ஆகவே, பேட்டரி வாங்கக் கிளம்புமுன் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குப் பதில் காரின் ஓடோமீட்டரைப் பார்ப்பது நல்லது. கடந்த ஓராண்டில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையென்றால், எந்த விலை பேட்டரியும் அந்த வண்டியில் அற்பாயுசுதான். அப்படிப்பட்டவர் மலிவானதையே வாங்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு சார்ஜர் வாங்கி, அதை மாதம் ஒரு ராத்திரி மாட்டவும் மறக்காமல் இருந்தால், வாரண்டி அட்டையை எடுக்கும் தேவையே வராமல் போகலாம்.